ரேடியோ ஷாக்: ஓர் உதிரிபாகக் கடையின் வரலாறு

நூறாண்டு கண்ட நிறுவனத்துக்கு மலர் போடுவது வழக்கம். நிறுவனர் படம், பெரியவர்களின் வாழ்த்துரை, முதல் கட்டடத்தின் மங்கிய புகைப்படம், கடந்துவந்த ஆண்டுகளின் பட்டியல் என்று அதற்கு ஒரு முறை உண்டு. மூடிப்போன கடைக்கு யாரும் மலர் போடுவதில்லை. அமெரிக்காவின் ரேடியோ ஷாக் 1921இல் தொடங்கிய கடை. 2021இல் அதன் நூற்றாண்டு வந்தபோது கொண்டாடுவதற்குக் கடைகளில் பெரும்பாலானவை இல்லை. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில், ரேடியோ ஷாக் என்ற பெயரில் கிரிப்டோ நாணயப் பரிமாற்றத்தில் இறங்கப்போவதாக அறிவித்தது. ரெசிஸ்டரும் கண்டென்சரும் விற்ற கடைக்கு நடந்த நூற்றாண்டு விழா அவ்வளவுதான்.

சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்கள் கூடி வெளியிடும் இம்மலரில் அந்தக் கடைக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது முறை. நம்மில் பலர் அதன் வாசற்படியை மிதித்ததே இல்லை. ஆனாலும் அது வெளியிட்ட புத்தகங்கள் ஜெராக்ஸாகவும், பிற்காலத்தில் பிடிஎஃப் ஆகவும் நம் கைக்கு வந்திருக்கின்றன. அது எப்படி வளர்ந்தது, எதனால் போனது என்று பார்த்தால் நம் ஊர் உதிரிபாகக் கடைகளின் கணக்கும் கூடவே புரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆர்வலர்களை மட்டும் நம்பி உதிரிபாகக் கடை நெடுநாள் நிற்பது அரிது. வேறு யாரோ செய்த வியாபாரத்தின் தயவில்தான் நமக்கு அந்தக் கவுண்டரில் இடம் கிடைத்தது. அந்தத் தயவு எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்பதுதான் இந்த வரலாறு.

பாஸ்டன், 1921

தியடோர் டாய்ச்மன், மில்டன் டாய்ச்மன் என்ற சகோதரர்கள் இருவர் பாஸ்டன் நகரின் பிராட்டில் தெருவில் ஒரு சிறு கடை திறந்தார்கள். கப்பலில் ரேடியோக் கருவிகள் வைத்திருந்த சிறு மர அறையின் பெயரையே கடைக்கும் வைத்தார்கள். கப்பல்களில் வேலை பார்த்த ரேடியோ அதிகாரிகளும், வீட்டுக் கூரையில் ஏரியல் கட்டிய அமெச்சூர்களும் அவர்கள் எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள்.

காலம் கைகொடுத்தது. பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊருக்கு ஊர் நிலையம் முளைத்தது. கட்டி முடித்த ரேடியோப் பெட்டிக்கு விலை அதிகம். ஆகவே ஓட்ஸ் வந்த உருளை அட்டை டப்பாவில் கம்பியைச் சுற்றிக் காயில் செய்து, கலீனா கல்லையும் ஹெட்போனையும் மட்டும் விலைக்கு வாங்கி, வீட்டிலேயே கிரிஸ்டல் செட் கட்டினார்கள். கட்டுவது அன்று பொழுதுபோக்கு என்பதைவிடச் சிக்கனம். உதிரிபாகக் கடைகளுக்கு முதலில் சோறு போட்டது அந்தச் சிக்கனம்தான்.

அதே காலத்தில் சென்னையிலும் இந்த வேகம் இருந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் நின்றது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போக, 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938இல்தான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. அரசாங்கம் வருமுன் வந்தவர்கள் ஆர்வலர்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பணம் தீர்ந்ததும் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாஸ்டன் கடை மெல்ல வளர்ந்தது. 1939 வாக்கில் முதல் விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. போருக்குப் பிறகு ஹை-ஃபை மோகம் வந்ததும், ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்க ஓர் அறையே வைத்தார்கள். 1954இல் ரியலிஸ்ட் என்ற பெயரில் சொந்தச் சரக்கு விற்றார்கள். அந்தப் பெயரில் கேமரா விற்றவர்கள் வழக்குப் போட்டதும் ரியலிஸ்டிக் என்று மாற்றிக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கடைகள் ஒன்பது. தபால் வியாபாரமும் பெரிது. ஆனால் கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பவில்லை. நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது.

தோல் வியாபாரி வந்தார்

காப்பாற்ற வந்தவர் ரேடியோக்காரர் இல்லை. டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரில் சார்லஸ் டான்டியின் குடும்பத்துக்குச் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் விற்கும் தொழில். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் ஹவாயில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் கிடந்த வீரர்கள் பொழுதுபோவதற்காகத் தோலில் பர்ஸும் பெல்ட்டும் செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் வெட்டிய தோல், நூல், ஊசி, செய்முறைத் தாள் எல்லாம் ஒரே பெட்டியில் வைத்து நாடெங்கும் விற்றார். தானே செய்து பார்க்க விரும்பும் ஆள் எப்படி யோசிப்பான், எதற்குக் காசு கொடுப்பான் என்று டான்டிக்குத் தோலின் மூலம் தெரிந்திருந்தது. 1963இல் ரேடியோ ஷாக்கைச் சுமார் 3,00,000 டாலருக்கு வாங்கினார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, இன்று அந்தக் கடையை நினைத்து உருகுபவர்கள் பலருக்குத் தெரியாதது. கடையில் இருந்த 40,000 வகைச் சரக்கை 2,500 ஆகக் குறைத்தார். தபால் வியாபாரத்தை நிறுத்தினார். கடனுக்கு விற்பதை நிறுத்தினார். பெரிய கடைகளுக்குப் பதில் வாடகைக்கு எடுத்த சின்னச் சின்னக் கடைகளை ஊர்தோறும் திறந்தார். ஓரிடத்தில் ஓடாவிட்டால் மூடிவிட்டு வேறிடம் பார்க்க வசதி. பிறர் பெயர் போட்ட சரக்கைக் குறைத்து, மலிவாகச் செய்யச் சொல்லித் தன் பெயர் போட்டு விற்றார்: ஒலிக்கருவிக்கு ரியலிஸ்டிக், உதிரிபாகத்துக்கு ஆர்ச்சர், மீட்டருக்கு மைக்ரான்ட்டா. பாகங்கள் நிறைந்த பொற்காலம் என்று நாம் நினைக்கும் ரேடியோ ஷாக், உண்மையில் பாகங்களை வெட்டிக் குறைத்த பிறகு பிழைத்த ரேடியோ ஷாக். 2,500 வகையானாலும் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிடைத்ததுதான் அதன் பலம். 40,000 வகை வைத்திருந்த கடை பாஸ்டனில் இருந்தது. டான்டியின் கடை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இருந்தது.

இழுப்பறைகளின் காலம்

1970களின் ரேடியோ ஷாக் கடையில் முன்பக்கம் ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் இருக்கும். சுவரில் அட்டையில் ஒட்டிய பாகங்கள் வரிசையாகத் தொங்கும். ஐந்து ரெசிஸ்டர் ஓர் அட்டை, இரண்டு டிரான்சிஸ்டர் ஓர் அட்டை. பிற்காலத்தில் அவை இழுப்பறைகளுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் கடையே ஓர் எண் வைத்திருந்தது. 555 டைமர் ஐசிக்கு 276-1723. அந்த எண்ணை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் ஐம்பது வயதுக்காரர்கள் அமெரிக்காவில் உண்டு.

விலை அதிகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. தபாலில் வரவழைத்தால் சில சென்ட்டுக்குக் கிடைப்பதை இங்கே பல மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு கண்டென்சர் வெடித்தால் அன்று இரவுக்குள் மாற்று கிடைக்கும். கூடவே, மாதம் ஒரு பேட்டரி இலவசமாகத் தரும் அட்டை ஒன்று இருந்தது. பேட்டரி வாங்க வரும் பையன் கடை முழுக்கச் சுற்றிப் பார்ப்பான், அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டி வருவான் என்பது டான்டியின் கணக்கு. அந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் பலித்தது.

பையன்களைப் பிடிக்க இன்னொரு வழி, பெட்டிக்குள் வரும் பரிசோதனைக் கூடம். சயன்ஸ் ஃபேர் என்ற பெயரில் வந்த 150 செய்முறைப் பெட்டியில் சால்டரிங்கே இல்லை. ஸ்ப்ரிங்கை வளைத்து வயரைச் செருகினால் இணைப்பு ஆகிவிடும். ரேடியோ, பர்க்லர் அலாரம், எண்ணும் சர்க்யூட் என்று 150 செய்யலாம். ஒரு வயரை மாற்றிச் செருகினால் குருவி கத்துவது போல் சத்தம் வரும். ஏன் என்று தெரியாமலே பல பேர் எலக்ட்ரானிக்ஸுக்குள் விழுந்தது அந்தச் சத்தத்தில்தான்.

காரணம் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். ஃபாரஸ்ட் மிம்ஸ் கல்லூரியில் படித்தது அரசியல். எலக்ட்ரானிக்ஸ் தானாகக் கற்றது. 1969இல் எட் ராபர்ட்ஸ் முதலிய நண்பர்களோடு அவர் தொடங்கிய எம்ஐடிஎஸ் நிறுவனம்தான், அவர் விலகிய பிறகு, 1975இல் ஆல்டேர் கணினியை வெளியிட்டது. ரேடியோ ஷாக்குக்காக அவர் எழுதிய புத்தகங்களில் 1983இல் வந்த எலக்ட்ரானிக்ஸ் தொடக்க நூல் புகழ்பெற்றது. கட்டமிட்ட தாளில் அவரே கையால் எழுதி, அவரே படமும் வரைந்தார். அச்செழுத்தே இல்லை. 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்தப் புத்தகம், நோட்டு நன்றாக எடுக்கும் வகுப்புத் தோழனின் நோட்டைப் போல இருந்தது. எலக்ட்ரான் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு, அதற்கு வேண்டிய பாகம் பக்கத்துச் சுவரிலேயே தொங்குகிறது என்ற வசதியோடு வந்தது.

குறும்பும் அந்தச் சுவரிலிருந்தே வந்தது. தொலைபேசியில் எண் அழுத்தும் ஓசையைத் தரும் சிறு கருவி ஒன்றை அந்தக் கடை விற்றது. அதற்குள் இருந்த கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு 6.5536 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சால்டர் செய்தால், பொதுத் தொலைபேசியில் காசு போட்ட ஓசை வரும். தொலைபேசி நிறுவனங்களுக்குத் தலைவலி. ஒரு தலைமுறைக்கு ஆசிலேட்டர் பாடம்.

கணினியும் ஒரு கடைச் சரக்கு

1977 ஆகஸ்ட் 3ஆம் தேதி நியூயார்க்கில் ரேடியோ ஷாக் டிஆர்எஸ்-80 கணினியை அறிமுகம் செய்தது. கடைக்குச் சரக்கு எடுக்கும் வேலையில் இருந்த டான் ஃப்ரெஞ்ச் ஓர் ஆல்டேர் வாங்கி, கணினிப் பைத்தியம் பிடித்து, மேலிடத்தை நச்சரித்தார். ஸ்டீவ் லைனிங்கர் என்ற பொறியாளரை வைத்து வடிவமைத்தார்கள். இசட்80 பிராசசர், 4 கிலோபைட் நினைவகம், சேமிக்க கேசட் ரெக்கார்டர், பார்க்க ஒரு மானிட்டர். எல்லாம் சேர்த்து 599.95 டாலர். முதலில் சுமார் 3,500 செய்யத் திட்டம். விற்காவிட்டால் கடைக்கு ஒன்று கொடுத்துக் கணக்கெழுத வைத்துக்கொள்ளலாம் என்பது நிர்வாகத்தின் ஆறுதல். ஒன்றரை மாதத்தில் 10,000க்கு மேல் விற்றது.

ஆப்பிள் 2, கமடோர் பெட் இரண்டும் அதே ஆண்டில் வந்தவை. அவற்றை வாங்குவதற்குக் கடை தேட வேண்டும். டிஆர்எஸ்-80 ரெசிஸ்டர் விற்கும் கடையிலேயே இருந்தது. பையன்கள் நின்றபடியே பேசிக் நிரல் எழுதிப் பார்க்கலாம். 1983இல் வந்த மாடல் 100 மடியில் வைக்கும் அளவு. நான்கு பென்சில் பேட்டரியில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். உள்ளேயே மோடம் இருந்ததால் செய்தியாளர்கள் எங்கிருந்தும் செய்தி அனுப்பினார்கள். சார்லஸ் டான்டி அந்த வளர்ச்சியை முழுதும் பார்க்கவில்லை. 1978 நவம்பரில் காலமானார். கணினி தயாரிக்கும் தொழிலை நிறுவனம் 1993இல் விற்றுவிட்டது.

உடனிருந்து மறைந்தவை

மறைந்தது ரேடியோ ஷாக் மட்டும் இல்லை. நியூயார்க்கின் கார்ட்லாண்ட் தெருவில் 1921இல் ஹாரி ஷ்னெக் திறந்த கடையில் தொடங்கி வளர்ந்த ரேடியோ ரோ, நாற்பது ஆண்டுகளில் பல தெருக்கள் பரந்த சந்தையானது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டிய கருவிகள் அங்கே நடைபாதையில் குவிந்து கிடந்தன. உலக வர்த்தக மையம் கட்ட அந்த இடம் வேண்டும் என்று துறைமுக ஆணையம் 1960களில் கேட்டது. கடைக்குத் தரப்பட்ட ஈடு 3,000 டாலர். வியாபாரிகள் வழக்காடினார்கள், 1963இல் தோற்றார்கள். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு ஒரு சாண்ட்விச் கடையின் பெயரால் இருக்கிறது. தெருவுக்கே சோறு போட்ட கடையும் சேர்ந்துதான் போராடியது. 1966இல் இடிப்பு தொடங்கியது.

மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரின் ஹீத்கிட் கதை வேறு. விமானக் கிட் செய்த நிறுவனம் அது. 1947இல் போரில் மிஞ்சிய பாகங்களை வாங்கி, 50 டாலருக்கும் குறைவாக ஓர் ஆசிலாஸ்கோப் கிட் விற்றது. கட்டி முடித்த ஆசிலாஸ்கோப் அன்று அதைப்போல் பல மடங்கு விலை. அடுத்த நாற்பதாண்டுகள் டிவி முதல் ரோபோ வரை எல்லாவற்றையும் பாகமாகப் பிரித்து விற்றது. எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, முடித்ததும் டிக் போட ஒரு கட்டமும் வைத்த அதன் கையேடுகள், தொழில்நுட்ப எழுத்துக்கே பாடம். வாங்குபவர் தன் உழைப்பைப் போட்டதால் மிஞ்சிய கூலிதான் ஹீத்கிட்டின் ஆதாயம். ஆசியத் தொழிற்சாலைகளில் இயந்திரமே பாகங்களைப் பொருத்தத் தொடங்கியதும், கட்டி முடித்த பெட்டி கிட்டைவிட மலிவானது. 1992இல் கிட் வியாபாரத்தை நிறுத்தினார்கள்.

டோக்கியோவின் அகிஹபாராவில், போருக்குப் பின் நடைபாதையில் ரேடியோப் பாகம் விற்றவர்கள் 1949இல் ரயில் பாலத்துக்கு அடியில் இடம் பெற்றார்கள். அப்படி உருவான ரேடியோ ஸ்டோர் என்ற வளாகம் 2013இல் மூடியது. பக்கத்து ரேடியோ சென்டரில் இன்னும் கடைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் கடைகள் 2016இலும், பிரிட்டனின் மேப்ளின் 2018இலும் போயின.

ஒவ்வொன்றிலும் சோறு போட்டவர் வேறு. ரேடியோ ரோவுக்கு ராணுவம் கழித்த சரக்கு. ஹீத்கிட்டுக்குக் கூலி வித்தியாசம். அகிஹபாராவுக்குப் போருக்குப் பின் வந்த பற்றாக்குறை. ஆர்வலர் கூட வந்து நின்றார்.

செல்போன் போட்ட சோறு

ரேடியோ ஷாக்குக்குச் சோறு போட்டவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். முதலில் ஸ்டீரியோ. 1970களில் லாரி ஓட்டுநர்களும் அவர்களைப் பார்த்து ஊரே வாங்கிய சிபி ரேடியோ. பிறகு கணினி. 1990களிலிருந்து செல்போன். உச்சத்தில், 1999இல், 8,000க்கு மேற்பட்ட கடைகள். அப்போதும் சுவரில் பாகங்கள் இருந்தன. ஆனால் கடைக்காரரின் கண் அங்கே இல்லை. இரண்டு டாலர் ரெசிஸ்டர் அட்டை கேட்பவருக்குச் செலவாகும் அதே கால் மணி நேரத்தில் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு ஒரு செல்போன் விற்கலாம். கேள்விகளுக்கு எங்களிடம் பதில் உண்டு என்று கடை 1994 முதல் விளம்பரம் செய்தது. கேள்வி கேட்டால் செல்போன் தருகிறார்கள் என்று ஆர்வலர்கள் அதைக் கேலி செய்தார்கள்.

பாகங்களும் மாறிவிட்டன. கால் வைத்த பாகங்களைப் போர்டின் ஓட்டையில் விட்டுப் பின்னால் சால்டர் செய்வது பழைய முறை. கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். 1980களிலிருந்து பரவிய எஸ்எம்டி பாகங்களுக்குக் காலே இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம் உள்ள ரெசிஸ்டர் சாதாரணமானது. கெட்ட ரேடியோவைத் திறந்து ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்பது என்ற முதல் பாடமே கடினமானது. விலை விழுந்ததால், கெட்டதைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்குவது லாபமானது. வால்வு டிவி காலத்தில் அமெரிக்காவின் மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் பெட்டி இருந்தது. வீட்டுக்காரரே கழற்றிய வால்வைக் கொண்டுவந்து செருகிப் பார்ப்பார். அந்தப் பெட்டியோடு தெருவோர டிவி மெக்கானிக்கும் போனார். மெக்கானிக் போனதும், பாகங்களை வாங்க மிஞ்சியவர்கள் ஆர்வலர்கள் மட்டும்.

செல்போன் வருமானமும் நிலைக்கவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் தாங்களே கடை திறந்தன. கடைசி ஆண்டுகளில் ரேடியோ ஷாக்கின் விற்பனையில் ஏறத்தாழப் பாதி செல்போன். அதில் ஆதாயம் மெலிந்துகொண்டே போனது. 2011இல் நிறுவனம் ஆர்வலர்களையே கூப்பிட்டு, என்ன பாகம் வேண்டும் என்று கேட்டது. ஆர்டுயினோ போர்டுகள் கடைக்கு வந்தன. நல்ல எண்ணம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான கடைகளின் வாடகையை ஆர்டுயினோ கட்டாது. 2015 பிப்ரவரி 5ஆம் தேதி திவால் மனு. சுமார் 4,000 கடைகளில் 1,743 மட்டும் ஒரு செல்போன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடர்ந்தன. 2017 மார்ச்சில் இரண்டாவது திவால். 2023இல் மத்திய அமெரிக்காவின் எல் சல்வடாரைச் சேர்ந்த குழுமம் பெயரை வாங்கியது.

திவாலின்போது ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு பேட்டரி வாங்கினாலும் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொள்வது அந்தக் கடையின் நெடுநாள் வழக்கம், 2002இல்தான் நிறுத்தினார்கள். 2015இல் ஏலத்துக்கு வந்த சொத்துகளில், பல வழிகளில் சேர்ந்த 11.7 கோடி வாடிக்கையாளர்களின் தகவல்களும் இருந்தன. மாநில அரசுகள் எதிர்த்து வழக்காடி, பெரும்பகுதியை அழிக்க வைத்தன. கடைசியில் விலைபேசப்பட்டவை பாகங்கள் இல்லை. அவற்றை வாங்க வந்தவர்களின் பெயர்கள்.

ரிச்சி தெருவின் கணக்கு

இனி நம் தெருவுக்கு வரலாம். சென்னையில் அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் ரிச்சி தெரு. அதையொட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை. மும்பைக்கு லாமிங்டன் ரோடு, டெல்லிக்கு லஜபத் ராய் மார்க்கெட், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு போல நமக்கு இது. இங்கே முதலில் வந்தவர் ரேடியோ மெக்கானிக். ஏசி 128, ஐஎஃப்டி, கேங் கண்டென்சர், ஸ்பீக்கர் என்று அவர் கேட்டதைத்தான் கடைகள் அடுக்கின. 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1982இல் கலர் வந்தது. அதே ஆண்டு இலங்கையில் ரூபவாஹினி தொடங்க, தென்மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் உயரக் கம்பம் நட்டுப் பூஸ்டர் கட்டி அதைப் பிடித்தார்கள். அந்தப் பூஸ்டர்களில் பல ஊர் மெக்கானிக்குகளே சால்டர் செய்தவை. டிவி கெட்டால் இஎச்டி மாற்ற, பியு 208 மாற்ற, டியூனர் மாற்ற மெக்கானிக் பஸ் ஏறி வருவார். அவருக்குப் பின்னால் நின்ற பாலிடெக்னிக் மாணவன் எஸ்எல் 100 இரண்டு, டிபிஏ 810 ஒன்று, பாட்டுப் பாடும் யுஎம் 66 ஒன்று என்று சில்லறையாக வாங்கிப் போனான். 1969 முதல் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ பத்திரிகையின் சர்க்யூட் பக்கம் அவன் சட்டைப் பையில் மடிந்திருக்கும்.

அவனால் அந்தக் கடைக்கு லாபம் இல்லை. மெக்கானிக்குக்காக அடுக்கிய சரக்கில் அவனும் எடுத்துக்கொண்டான். ரிச்சி தெரு பிறகு கணினிக்கும், சிசிடிவிக்கும், செல்போனுக்கும் மாறியது. ஆனாலும் இங்கே கெட்டதைத் தூக்கிப் போடும் பழக்கம் முழுதாக வரவில்லை. செல்போன் மெக்கானிக், யுபிஎஸ் மெக்கானிக், எல்இடி பல்பு ரிப்பேர் செய்பவர், கோயில் திருவிழாவுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர் என்று வாங்க ஆள் இருக்கிறார்கள். அதனால்தான் அந்த நெரிசலில் இன்னும் சில கவுண்டர்களில் பாகங்கள் டப்பா டப்பாவாக இருக்கின்றன. ஒரு பெரிய நிறுவனம் மூடினால் 4,000 கடை ஒரே நாளில் ஆட்டம் காணும். ரிச்சி தெருவில் ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்காரர் அந்தச் சரக்கை எடுத்துக்கொள்கிறார்.

எது போயிற்று?

பாகம் கிடைக்கவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ரேடியோ ஷாக்கின் எந்தக் காலத்திலும் கிடைக்காத பாகங்கள் இன்று மூன்று நாளில் வீட்டுக்கு வருகின்றன. வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சில நூறு ரூபாய். பிசிபி வரைந்து அனுப்பினால் சீனாவிலிருந்து செய்து வருகிறது. வாளியில் ஃபெரிக் குளோரைடு கரைத்துச் சட்டையில் கறை படிந்த காலம் முடிந்தது. விளக்கிச் சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பழங்காலம்தான் நல்ல காலம் என்று எழுதினால் அது பொய்.

போனது, பெயர் தெரியாமலே வாங்கும் வசதி. கணினியில் தேட வேண்டுமானால் பாகத்தின் எண், மதிப்பு, வோல்ட், எத்தனை கால் என்று எல்லாம் முன்பே தெரிய வேண்டும். கடையில் எதுவும் தெரிய வேண்டாம். எரிந்து கறுத்த ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய், ‘அண்ணே, இது மாதிரி ஒண்ணு வேணும்’ என்றால் போதும். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘என்ன செட்டுல இருந்துச்சு? பக்கத்துல ஒரு டயோடு இருக்குமே, அதைப் பாத்தியா? அதை மாத்தாம இதை மட்டும் போட்டா திரும்பவும் எரியும்’ என்பார். பத்து ரூபாய் வியாபாரத்தில் அவர் தந்த அந்தப் பாடத்துக்கு ரசீது இல்லை. வாங்க வந்ததைவிட வேறொன்றுதான் தேவை என்று சொல்லி அனுப்பும் கடைக்காரரை எந்தத் தேடுபொறியும் இன்னும் தரவில்லை. தேடியதைத்தான் அது தரும்.

அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்தது செல்போனோ டிவி ரிப்பேரோ ஏதோ ஒன்று. அந்த வருமானம் நிற்கும் இடங்களில் அவர் போய்விடுவார். அமெரிக்காவில் போய்விட்டார். நம் ஊரில் ரிப்பேர் தொழில் இருக்கும்வரை இருப்பார். ஆகவே நாம் செய்ய வேண்டியது, கடைகள் மறைகின்றன என்று வருந்துவதைவிடச் சிறியது, செய்யக்கூடியது. வீட்டில் கெட்டதை மெக்கானிக்கிடம் கொடுப்பது. ஐந்து ரூபாய் கூடினாலும் கவுண்டரில் வாங்குவது. வாங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போவது.

இன்னொன்றும் உண்டு. கடை நடத்துவது நம் சங்கத்தால் ஆகாது. ஒரு கவுண்டர் நடத்தலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உபயோகமில்லாமல் கிடக்கும் பாகங்கள், மேசைக்கு அப்பால் உட்கார அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர், அவருக்கு ஒருநாள் கூலி. கெட்டுப்போன எதையும் யாரும் கொண்டுவரலாம். பெயர் தெரிய வேண்டியதில்லை. கூலியைச் சங்க நிதியிலிருந்து தரலாமா, இழுப்பறைகளை யார் வாங்கித் தருவது என்ற இரண்டையும் வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.